காப்பாளர் கையெழுத்து

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். காற்று கொஞ்சம் மாறினாலும் பயம், மகள் பஸ் ஏறினாலும் பயம். அந்தப் பயத்தில்தான் அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்க வைத்தேன். இந்தப் பணத்துக்கு வரி கிடையாது என்றார்கள்.

"ஊர்க்கோயில் வரியும் கெடையாதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

காப்பாளர் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். எங்கள் குப்பத்தில் ஒரு வீடு என்றால் பாடு உள்ள ஆம்பளைதான். ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை கட்டுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். அம்மா கையெழுத்துப் போடலாமே என்று குப்பத்தில் எந்த வீட்டிலும் தோன்றவில்லை. எறால் விற்று வருஷா வருஷம் பணம் கட்டியது மட்டும் நான்.

இந்த வருஷம் நர்சிங் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பதினெட்டு முடியாததால், கணக்கிலிருந்து பணம் எடுக்கக் காப்பாளரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதே மறுநாள்தான் பாடு முறைக்குச் சீட்டு எடுக்கும் நாள். அவரவர் கையால் எடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த வருஷம் பாடு இல்லை. காலையில் முடிய வேண்டியது, பெரியவர்களின் சண்டையில் இழுத்துக்கொண்டே போனது. மத்தியானம் தாண்டியதும் ஆம்பளைகள் கூட்டத்துக்குள் போய் நின்றேன்.

"இன்னாமே, இங்க உனக்கு இன்னா வேலை?"

"அவரை முதல்ல எடுக்க வுடுங்க. தபாலாபீசு மூடிடுவான்."

"பொண்ணு டாக்டராவப் போறா, வழி வுடுங்கப்பா" என்றார் ஒருவர். சிரித்தார்களே தவிர வழி விடவில்லை.

"யோவ், எழுந்திரு" என்றேன்.

"போனா பாடு போச்சு" என்றார் குப்பத்துத் தலைவர். என் வீட்டுக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

தபால் நிலையத்தில், "காப்பாளர் மட்டும் வாங்க, நீங்க தள்ளி நில்லுங்கம்மா" என்றார்கள். தள்ளி நின்றேன். பணம் வந்ததும் மகள் போனிலேயே கட்டினாள்.

திரும்பும்போது அவர் சொன்னார்: "வருசம் பூரா இன்னொருத்தன் வலையில கூலிக்கு நிக்கணும். திருப்தியா?"

"என் கையெழுத்து இருந்திருந்தா நீ அங்கியே குந்தினு சீட்டு எடுத்திருப்ப."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டேன். தட்டு வைத்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.