விக்னராஜா மாஸ்டரின் ஆறு வருட ஹொக்கி

விக்னராஜா ஹொக்கி மட்டையை முதன்முதலாகக் கையில் பிடித்தது தனது நாற்பத்தாறாவது வயதில், பயிற்றுநராக நியமிக்கப்பட்ட மறுநாள். கிளென் வேவர்லிப் பக்கத்துத் தனியார் கொலிஜ் ஒன்றில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஹொக்கி அணிக்கு ஆள் தேடி அலைந்த அதிபர், ஆசிரியர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இவர் முன்னால் வந்து நின்றார். உங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஹொக்கி இரத்தத்திலேயே இருக்குமே என்றார். தனது பக்கம் கொக்குவில் என்பதையும், அங்கே தான் விளையாடியது கரம் மட்டும்தான் என்பதையும் சொல்ல விக்னராஜாவுக்கு வாய் வரவில்லை. நிரந்தர நியமனத்துக்காக அவர் காத்திருந்த வருடம் அது.

பிறகு ஆறு வருடம், குளிர்காலச் சனிக்கிழமைகளில் வீடு இருந்த வெரிபீயிலிருந்து வெள்ளெனக் காரெடுத்து, நகரத்தின் மறுகோடிக்குப் போய்த் தோற்றுவிட்டு வந்தார். தெரியாத விளையாட்டு என்பதால் விதிப்புத்தகத்தை முழுதாக மனப்பாடம் செய்திருந்தார். கோல் போடும் வித்தையை அவரால் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. கோல் வாங்கியது எந்த விதியின்படி என்பதை மட்டும் தெளிவாக விளக்குவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

கடைசி இரண்டு வருடத்தில் ஒரு ஆட்டம்கூடச் சமநிலையில் முடியவில்லை. பெற்றோர் குழு கூடியது. மழை நாளில் மைதானப் பக்கம் வந்த எவரும் அந்தக் குழுவில் இல்லை. மூன்று கூட்டமும் ஒரு கருத்துக்கணிப்பும் நடந்தன. வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர் நாற்பது பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். கோல்கள் கூடினால் வெற்றிகளும் கூடலாம் என்பது அதன் சாரம். அதிபர் விக்னராஜாவைக் கூப்பிட்டு, அவருடைய பங்களிப்பைக் கொண்டாட விரும்புவதாகச் சொன்னார். பயிற்றுநர் பதவி போய்விட்டது என்பது அவருக்கு வீடு திரும்பும் வழியில், வெஸ்ட் கேற் பாலத்தில் வரும்போதுதான் விளங்கியது.

மனைவி மிருணாளினிக்குச் சந்தோஷம். இனிச் சனிக்கிழமையில் புல்லு வெட்டலாம் என்றாள். முதல் கிழமை வெட்டினார். அடுத்த கிழமை வெட்டுவதற்குப் புல் வளர்ந்திருக்கவில்லை. அதற்கடுத்த கிழமை, நடுவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு என்று ஹொக்கிச் சங்கம் போட்ட அறிவித்தல் கண்ணில் பட்டது. பரீட்சை எழுதினார். ஒரு கேள்வியில்கூடப் பிழை விடவில்லை.

இதற்கிடையில் கொலிஜுக்கு டேமியன் என்பவர் வந்து சேர்ந்தார். அவர் பயிற்றுநர் அல்ல, உயர் செயற்திறன் இயக்குநர். பந்தைக் கண்ணில் காட்டுவதற்கு முன் இரண்டு கிழமை, பிள்ளைகளின் இலட்சியங்களை எழுதி வாங்கினார். ஒவ்வொருத்தியின் முதுகிலும் கருவி பூட்டி, ஓடிய தூரத்தை அளந்தார். நன்றாகத்தான் ஓடினார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினார்கள். அதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது, கற்றல் அனுபவம் என்று சொல்ல வேண்டும் என்று பெற்றோருக்கு மின்னஞ்சல் போனது.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அந்த அணியின் ஆட்டத்துக்கே விக்னராஜாவை நடுவராகப் போட்டார்கள். தனது பழைய அணி என்று சங்கத்துக்குச் சொல்லிப் பார்த்தார். வேறு ஆள் இல்லை என்றார்கள்.

எதிரணியும் இவர்களைப் போலவே நொந்த அணி. இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, எவரும் கோல் போடவில்லை. அப்போது அணித்தலைவி ராகவி ஓங்கி அடித்த பந்து எவரிலும் படாமல் வலைக்குள் போனது. டேமியன் துள்ளினார். பெற்றோர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எதிரணிகூட ஏற்றுக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பத் தொடங்கியது. ஆனால் பந்தை கோலுக்கு முன்னால் கீறியிருக்கும் வட்டத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல். ராகவி அடித்தது ஒரு முழம் வெளியே. அதைக் கண்டவர் விக்னராஜா மட்டும்தான். விசிலை வாயில் வைத்தார். ஊதினார்.

பதவியிலிருந்து தூக்கியதற்கு இந்த ஆள் பழி வாங்குகிறார் என்று ஒரு தகப்பன் சத்தம் போட்டார். டேமியன் கையில் ஐபாட்டோடு ஓடிவந்தார். அதில் ஓடிய தூரம் இருந்தது, அடித்த இடம் இல்லை.

வழமையில் விக்னராஜாவோடு இங்கிலிஷில் மட்டும் கதைக்கும் ராகவி, கிட்ட வந்து, மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் சொன்னாள்:

"சேர், வெளியில நிண்டுதான் அடிச்சனான். எனக்குத் தெரியும்."

"ஓம் பிள்ளை. போய் விளையாடு, இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கு."

ஆட்டம் கோலின்றி முடிந்தது. மூன்று வருடத்தில் கிடைத்த முதல் புள்ளி. பிள்ளைகள் ஈரத் தரையில் விழுந்து புரண்டார்கள். கொலிஜ் செய்திமடலில் "புதிய யுகம்" என்ற தலைப்பின் கீழ் டேமியனின் படம் வந்தது. அந்தச் செய்திமடலை விண்ணப்பத்தோடு இணைத்து, வருட முடிவில் அவர் சிட்னியில் பெரிய கொலிஜ் ஒன்றுக்குப் போய்விட்டார்.

அதிபர் மறுபடியும் விக்னராஜாவிடம் வந்தார். சனிக்கிழமைகளில் தனக்கு நேரமில்லை என்று அவர் மரியாதையாகச் சொன்னார். புதியவரைத் தேடக் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. போன மாதம் இவருக்கு ஆண்களின் இரண்டாம் பிரிவு ஆட்டங்களைக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது இரண்டு பக்கத்தாரும் அவரைத் திட்டுகிறார்கள். ஆள் கொஞ்சம் மெலிந்து, சந்தோஷமாக இருக்கிறார்.