வல்லூற்றுக்கு மஞ்சள் போட்டுக் கழுவிய கறி

இனி தானே சாப்பிட்டுக்கொள்ளும் என்று ஓர் உயிரை எந்த நாளில் நம்பி விடலாம்? மூன்று வயது மகளுக்குத் தினமும் சோறு ஊட்டுகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. போன வருடம் ஒரு வல்லூறு வந்து, இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவையும் கலைத்துவிட்டுப் போனது.

குன்னூரில் வனத்துறை அலுவலகத்துக்குப் பின்னால் எங்கள் குவார்ட்டர்ஸ். கணவர் அங்கே கிளார்க். எங்கள் வீட்டுக்குப் பின்புறம், அடிபட்டு வரும் பறவைகளுக்கான பெரிய கூண்டு ஒன்று உண்டு. எமரால்டு என்ற ஊர்ப் பக்கம் காய்கறித் தோட்டத்து வலையில் சிக்கி இறக்கை பிசகிய வல்லூறு ஒன்றை அதில் கொண்டுவந்து விட்டார்கள். புறா அளவுதான் இருக்கும். பார்வை மட்டும் மேலதிகாரியுடையது.

கால்நடை டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் தீனி வைப்பது யார்? காவலர்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். கணவருக்குப் பச்சைக் கறியைப் பார்த்தாலே தலை சுற்றும். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து கவலைதான்.

டாக்டரம்மா சொன்ன விதிகளை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பேசக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. கூண்டின் முன் தொங்கும் சாக்குத் திரைக்குக் கீழே தீனியைத் தள்ளிவிட்டு வந்துவிட வேண்டும். மனிதர்களோடு பழகிவிட்டால் காட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன். மகளைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

இரண்டாவது வாரம் டாக்டரம்மா பறவையைத் துணியில் சுற்றித் தூக்கியதும் முகம் மாறினார். நெஞ்சு இறகெல்லாம் மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, தீனி எப்படி வெக்கறீங்க?”

பண்ணையிலிருந்து வரும் உயிரில்லாத கோழிக்குஞ்சுகளைத் தோலுரித்து, எலும்பெடுத்து, மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவி வைப்பதாகப் பெருமையாகவே சொன்னேன்.

“உப்பு?”

“உப்புப் போடலீங்க டாக்டர். ஒத்துக்காதுன்னு தோணுச்சு.”

“நல்லவேளை, தாளிக்காம விட்டீங்க!”

சிரித்து முடித்துவிட்டு விளக்கினார். முடியும் எலும்புமாக விழுங்கி, செரிக்காததை உருண்டையாகக் கக்கினால்தான் அதன் வயிறு சரியாக இருக்குமாம். நான் அனுப்பியதெல்லாம் வெறும் சதை. மகளுக்கு மீனில் முள் எடுத்தே பழகிய கை. குற்ற உணர்ச்சியில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முதல் முழுக் குஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். இரண்டாம் நாளே சாம்பல் நிற உருண்டை ஒன்று தரையில் கிடந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இறக்கை ஆறியது. கடைசியாக ஒரு சோதனை. வைக்கோல் போட்ட தொட்டியில் உயிருள்ள எலியை விட்டார்கள். பறவை அதைப் பிடித்துத் தின்ன வேண்டும். முதல் நாள் அது எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்குத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“உங்க தட்டுக்குக் காத்திருக்குதுங்க,” என்றார் டாக்டரம்மா. இப்போது சிரிப்பில்லை. “இரை பிடிக்கலீன்னா வெளிய விட முடியாது. கடைசி வரைக்கும் கூண்டுதான்.”

என்னால்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். போகவில்லை. ஆனால் துணி காயப்போடும் சாக்கில் ஒரே துண்டை நாலு முறை உதறினேன். மூன்றாம் நாள் காலை தொட்டியில் வால் மட்டும் கிடந்தது. குச்சியில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

“ஏனுங்க, இங்க பாருங்க!”

இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துகொண்டார் கணவர். “சந்தோசந்தான் சாமி. மொதல்ல அதக் கொண்டுபோய்ப் போடு.”

அடுத்த வாரம் முழுவதும் அது தவறாமல் வேட்டையாடியது. பிறகு அதைப் பெட்டியில் வைத்து, டாக்டரம்மாவும் நானும் மகளும் எமரால்டுக்கு ஜீப்பில் போனோம். மேட்டில் மூடுபனி படிந்திருந்தது.

“நாளைக்கு வரலாங்களா டாக்டர்?”

“நீங்க எந்த நாள்ல கேட்டாலும் நாளைக்குன்னுதான் சொல்லுவீங்க.”

பனி விலகும்வரை காத்திருந்து பெட்டியைத் திறந்தார். கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க டாக்டரம்மா, எங்கூட்டுக் கோழிக்குஞ்சு போச்சுன்னா ஆரு வந்து பதில் சொல்றது?”

“எலியும் ஓணானும் திங்குமுங்க. உங்க தோட்டத்துக்கு நல்லதுதான்.”

“அதுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க!”

இந்தப் பேச்சுக்கு நடுவே, யாரையும் கேட்காமல், அது கிளம்பிவிட்டது. தேயிலைச் செடிகளை ஒட்டித் தாழப் பறந்து ஒரு சில்வர் ஓக் மரத்தில் ஏறி உட்கார்ந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி அடிக்கிறதா என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. இரண்டு காக்கைகள் அதை விரட்ட வந்தன. நான் கையை ஓங்கினேன். “விடுங்க,” என்றார் டாக்டரம்மா. வல்லூறு மேட்டைத் தாண்டி மறைந்தது. அவ்வளவுதான்.

இடுப்பில் இருந்த மகள் கேட்டாள்: “அது மத்தியானம் என்னம்மா சாப்பிடும்?”

அன்று ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. ஒவ்வொரு வேளையும் முதல் வாய்க்கு முன் கேட்பாள்: “அது சாப்புட்டுச்சா?” “சாப்புட்டுச்சு கண்ணு” என்றால் வாய் திறப்பாள். ஒரு நாள் மனசு உறுத்தி, “தெரியலியே” என்று உண்மையைச் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். வெளியே நாள் முழுக்க மழை. இந்த மழையில் எந்த எலி வெளியே வரும் என்று நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டால், “இப்படி விடற பறவைங்கள்ல பாதிக்குமேல பொழச்சுக்கும்னு நம்பித்தான் விடறோமுங்க,” என்கிறார். மூன்று வயதுக்காரியிடம் ‘பாதி’யை எப்படிச் சொல்வது? இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அவள் கேட்கும்போது, சாப்பிட்டது என்றே சொல்லிக்கொண்டிருக்கட்டுமா, தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் பசியோடு எழுந்து போவதைப் பொறுத்துக்கொள்ளட்டுமா? நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.