உடல்நலக் குறைவால் வர இயலவில்லை

என் அக்கா சட்டக் கல்லூரியில் கம்பெனிச் சட்டம் நடத்துகிறாள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஆட்சேபணை'. அதைக் கேள்விப்பட்ட அன்று அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பால் பொங்கினால்கூடப் பாலிடம் காரணம் கேட்கிற ரகம் அக்கா. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் ராப்பகலாகப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் என் வியாபாரத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அவள் கண் கெட்டது அடுத்தவர்களின் மினிட்ஸைப் படித்துத்தான். கம்பெனி இயக்குநர்கள் கூடி என்ன பேசினார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுதிவைக்கிற குறிப்புக்கு அந்தப் பெயர். நொடித்துப்போய் நீதிமன்றம் ஏறிய கம்பெனிகளின் மினிட்ஸ் நகல்கள் எங்கள் கூடத்தில் சோபாவையும் பிடித்துக்கொண்டிருந்தன. விருந்தாளி வந்தால் நான்தான் தரையில் உட்கார வேண்டும்.

அத்தனை காகிதத்திலும் அவள் ஒன்றைத்தான் தேடினாள். யாராவது ஒருத்தர் 'வேண்டாம்' என்று சொன்னாரா? யாரும் சொல்லவில்லை. எல்லாத் தீர்மானமும் ஒருமனதாகவே நிறைவேறியிருந்தது. அவளுக்குக் கோபமெல்லாம் சுயேச்சை இயக்குநர்கள் மேல். முதலாளிக்குச் சொந்தமும் இல்லாமல் வேலைக்காரரும் இல்லாமல், கேள்வி கேட்பதற்கென்றே வெளியிலிருந்து அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள். முக்கியமான நாளில் பார்த்தால் அவர்களுடைய நாற்காலி காலியாக இருக்கும். 'உடல்நலக் குறைவால் வர இயலவில்லை' என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

இதை வைத்து ஒரு கட்டுரை எழுதினாள். மூழ்கிப்போன நூற்பாலை ஒன்றில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சுயேச்சை இயக்குநர். ஆலையை மூழ்கடித்த தீர்மானங்கள் எல்லாம் அவர் வராத கூட்டங்களில் நிறைவேறியவை. 'ஆலைக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் இவருக்குக் காய்ச்சல் வந்தது' என்று எழுதினாள். சட்டம் படித்தவர்கள் அந்த வாக்கியத்தை வாயில் போட்டு மென்றார்கள்.

கருத்தரங்கில் அவள் அதைப் படித்த அன்று நானும் பின்வரிசையில் இருந்தேன். கேள்வி நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"நீங்க சொன்ன இன்ஜினியர் நான்தாம்மா. எனக்கு அந்த வருஷம் பூரா உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

"அதைத்தானே சார் நானும் சொல்றேன்" என்றாள் அக்கா.

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன்பிறகு அக்கா பெயர் பரவியது. கண்ணாடிப் புட்டி செய்கிற கம்பெனி ஒன்று அவளையே சுயேச்சை இயக்குநராக அழைத்தது. "ஊருக்கு உபதேசம் பண்ணினது போதும், போய் உக்காந்து காட்டு" என்றேன். போனாள். நீள மேஜை, மூடிபோட்ட தண்ணீர்க் குவளைகள், உட்கார்ந்தால் உள்ளே இழுக்கிற நாற்காலிகள். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் சேர்மன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாராம். அவள் உச்சி குளிர்ந்துபோனாள்.

ஒருநாள் கூட்டத்துக்கான காகிதங்கள் வந்தன. சேர்மனுடைய மகன் நடத்திப் படுத்துப்போன தொழிற்சாலையைக் கம்பெனி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு இருக்குடா" என்று என் கடையில் வந்து கத்தினாள். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுந்தே போய்விட்டார்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கம்பெனி செக்ரட்டரி போன் செய்தாள். அக்காவின் பழைய மாணவி. கை எச்சில் என்பதால் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நீங்க இதுக்கு ஒத்துக்க மாட்டீங்கன்னு சேர்மனுக்குத் தெரியும். எதுக்கு மனஸ்தாபம்னு பாக்கறார். அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கட்டுமா?"

"எனக்கு உடம்பு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"தெரியும் மேடம். இது வழக்கம்தான். வேண்டாம்னு சொல்றவங்களை முன்கூட்டியே வரவேண்டாம்னு கேட்டுக்குவோம். எல்லா இடத்துலயும் இப்படித்தான். அப்பதானே ஒருமனதா வரும்?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அக்கா போனை வைத்தாள். 'எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று தான் சொன்னதையே இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதைப் பார்த்தபிறகுதான் எனக்கும் அந்தப் பெரியவரும் அவர் குடையும் ஞாபகம் வந்தன.

"அந்த மனுஷர் எழுந்து நின்னு உண்மையைச் சொன்னார்டா. நான் சபையைச் சிரிக்க வெச்சேன்." சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "அந்தக் காலி நாற்காலிங்கள்ல எத்தனை 'வேண்டாம்' இருந்துச்சோ. நான் எல்லாத்தையும் சோம்பேறித்தனம்னு எழுதிட்டேன்."

கையைக் கழுவிவிட்டு வந்து, தானே போன் செய்தாள். "நான் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

வேடிக்கையைக் கேளுங்கள். கூட்டத்தன்று காலை அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல். தொட்டால் சுட்டது. சேர்மனுக்கு நல்ல வாய்முகூர்த்தம் என்று நினைத்தேன்.

"இந்த உடம்போட எங்கடி கிளம்பறே?" என்று அம்மா வாசலை மறித்தாள்.

"இன்னைக்குப் போகலைன்னா இந்த நெஜக் காய்ச்சலும் பொய்க் காய்ச்சலாயிடும்மா."

நான்தான் காரில் கூட்டிப்போனேன். வரவேற்பறையில் பழைய வாரப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் அக்கா சொன்னாள். 'ஒருமனதாக' என்று முன்பே அடித்துவைத்திருந்தார்களாம். அந்த வார்த்தையை வெட்டச் சொல்லி, தன் பெயரைப் போட்டு, எதிர்ப்பு என்றும் ஏன் என்றும் எழுதவைத்திருக்கிறாள். தீர்மானம் மற்றவர்கள் ஓட்டில் நிறைவேறிவிட்டது. பதவிக்காலம் முடிந்தால் அக்காவை மறுபடி அழைக்கப்போவதும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னத்தக் கிழிச்சே?" என்று கேட்டேன். காய்ச்சல் விட்டதும், அந்தப் பொறியாளர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

அவரே கதவைத் திறந்தார். அடையாளம் தெரிந்தும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே உட்காரவைத்தார். அக்கா போன் வந்ததையும் காய்ச்சலோடு போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உங்களையும் வரவேண்டாம்னுதானே சொன்னாங்க? அது புரியாம உங்களைப் பத்தித் தப்பா எழுதிட்டேன் சார். மன்னிச்சிடுங்க."

அவர் கையசைத்து அதை மறுத்தார்.

"தப்பா ஒண்ணும் எழுதலைம்மா. உடம்பு முடியாமலும் நீங்க கூட்டத்துக்குப் போனீங்க. நான் நல்லா இருந்துக்கிட்டே போகலை. அன்னைக்கு சபையில அதைச் சொல்லத்தான் எழுந்தேன், முழுசாச் சொல்ல வாய் வரலை. வரவேண்டாம்னு அவங்க போன் பண்ணினப்ப எனக்குக் கோபமே வரலை தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அது எந்த மினிட்ஸ்லயும் இருக்காதும்மா."