இரண்டு டின் ஸ்பிரிட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு லொறிகள். ஒன்றுக்கு நான் டிரைவர். மற்றதை, என்னிடம் கிளீனராக இருந்தவனுக்குப் பெரிய துரை கொடுத்தார். அதையே என்னால் சீரணிக்க முடியவில்லை. போதாததற்கு, அவன் லொறி பெட்ரோலில் ஓடவில்லை. துரை சர்க்காரிடம் அனுமதி வாங்கி, தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் செம்பு அண்டா வைத்து, கித்துள் மரத்துக் கள்ளைக் காய்ச்சி அதற்கு ஸ்பிரிட் இறக்கினார். யாரும் குடித்துவிடாதபடி அதில் விளக்கெண்ணெய் வேறு.

தலவாக்கலை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு அரிசி ஏற்றித் திரும்புவோம். லிந்துலை தாண்டிய ஏற்றத்தில் என் லொறி முக்கி முனகும். அவன் என்னை முந்திக்கொண்டு, கையையும் ஆட்டிவிட்டுப் போவான். கொழுந்தெடுக்கும் பெண்கள், "கள்ளு லொறி போகுது பாரு" என்று நின்று பார்த்தார்கள். என் லொறியை நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இவனுக்கு என்ன கெட்டிக்காரத்தனம், எல்லாம் ஸ்பிரிட்டின் வேலை என்று நம்பினேன்.

ஒருநாள் இரண்டு டின் திருடினேன். பிடிபட்டால் வேலையைவிட்டு நிறுத்தி, பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். மனைவி அப்போது நிறைமாதம். தெரிந்தேதான் செய்தேன். தலவாக்கலையில் எஞ்சின் சூடாக இருக்கும்போதே பெட்ரோலை வடித்துவிட்டு ஸ்பிரிட்டை ஊற்றினேன். லிந்துலை ஏற்றத்தில் லொறி இருமியது, பட்பட்டென்று வெடித்தது, நின்றுவிட்டது.

பின்னால் வந்தவன் இறங்கினான். வாடையே என்னைக் காட்டிக்கொடுத்தது. அவன் நேராகக் கார்பரேட்டரைக் கழற்றி அதன் சின்னத் துவாரத்தைக் காட்டினான்.

"இது பெட்ரோலுக்குன்னு வச்ச ஓட்டைண்ணே. ஸ்பிரிட்டுக்குப் பத்தாது. என் வண்டிக்கு நானே குடைஞ்சு பெருசாக்குனேன். மூணு தடவ கெடுத்துட்டுத்தான் சரியா வந்துச்சு."

ஆக, கெட்டிக்காரத்தனமும் அவனுடையதுதான். காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணுவதற்காக வைத்திருந்த பெட்ரோலை, ஸ்பிரிட்டை வடித்துவிட்டு என் டாங்கியில் ஊற்றி அனுப்பிவைத்தான்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், ஆட்கள் எல்லோர் முன்னாலும், துரை இரண்டு டின் எங்கே என்று கேட்டார்.

"நான்தாங்க தொரை, கைதவறிக் கொட்டிட்டேன்" என்றான் அவன்.

ஏச்சு வாங்கினான். அவனே குடித்திருப்பான், விளக்கெண்ணெய் வேலை செய்ததா என்று லயத்தில் கேலி பேசினார்கள். அதற்கும் சிரித்தான். என் வேலையும் லயமும் தப்பின.

அவன் காட்டிக்கொடுத்திருந்தால், அவனை வெறுக்க எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். பாவி, அதையும் அவன் எனக்கு விட்டுவைக்கவில்லை.