அப்பா முடிச்சுப் போட்ட ரெனிஸ் மட்டை

எங்கள் மாமா ஜேர்மனியில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவினார். அதை அவரே பெருமையாகச் சொல்வார். நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு எங்கள் ஊரான சல்லிக்குத் திரும்பி வந்து, கடற்கரையோடு நாலு அறை கட்டி, கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்து, வாசலில் ஜேர்மன் மொழியிலும் ஒரு பலகை எழுதித் தூக்கினார். ஊரில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆகவே பிழை இருந்தாலும் பிடிக்க ஆளில்லை.

அம்மா அவருடைய தங்கச்சி. அறை கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, குசினி எல்லாம் அம்மாவின் பொறுப்பு. அந்த வருடம் அப்பாவின் வள்ளத்து எஞ்சின் பழுதாகிவிட்டது. ஊராருடைய கிழிந்த வலைகளைக் கட்டிக் கொடுத்துக்கொண்டு அவர் நாள் முழுக்கப் பூவரச மரத்தின் கீழ் இருந்தார். வீட்டில் உலை கொதித்தது அம்மாவின் வேலையால்தான். அது ஒன்பது வயதில் எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு வைகாசி மாதம் ஜேர்மனியில் இருந்து ஒரு பெண் தனியாக வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். நல்ல உயரம். வான் வண்டியிலிருந்து இறங்கியவரைப் பார்த்த மாமா, கையில் கொண்டுபோன இளநீரை நீட்ட மறந்து அப்படியே நின்றார். பிறகு குசினிக்குள் ஓடி வந்து, அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

“இவ ஆர் தெரியுமோ? ரெனிஸ்காரி! உலகம் முழுக்க ஆடினவ! எங்கடை வீட்டிலை வந்து நிக்கிறா!”

அன்றைக்கு மாமா ஒரு வேலையும் செய்யவில்லை. எங்களைக் கதிரைகளில் இருத்திவைத்துக் கதை சொன்னார். பதினைந்து வயதில் மட்டையோடு வீட்டை விட்டுப் புறப்பட்டவராம். கால் படாத கண்டம் இல்லையாம். பெரிய பெரிய ஆட்டக்காரிகளையெல்லாம் அழ வைத்து அனுப்பியவராம். முழங்காலில் இரண்டு தரம், தோளில் ஒரு தரம் வெட்டித் தைத்து, ஒவ்வொரு முறையும் இனி முடியாது என்று எல்லோரும் சொன்ன பிறகு எழும்பி வந்து ஆடியவராம். மாமா வேலை செய்த உணவுக் கடையின் குசினியில் ஒரு சின்ன ரி.வி இருந்தது. அவருடைய கடைசி ஆட்டத்தை அதில்தான் மாமா பார்த்திருக்கிறார். சமையல்காரன் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தானாம். வெல்ல ஒரே ஒரு புள்ளி போதும் என்ற நிலையில் இருந்து ஆட்டம் கைநழுவி, கடைசியாக அவர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி விழுந்தது. அதோடு சரி. தோள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஆட வரவில்லை.

“அந்தப் பந்தைப் பற்றி ஒருத்தரும் அவவிட்டைக் கதைக்கக் கூடாது” என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். மாமாவைத் தவிர ஒருவருக்கும் ஜேர்மன் தெரியாத வீட்டில் அந்தக் கட்டளை எதற்கு என்று அப்பா மட்டும் மெதுவாகச் சிரித்தார். மாமா அடுத்ததையும் சொன்னார். அவருடைய அறையில் ஒரு துரும்பு காணாமல் போனாலும் அம்மா பிறகு இந்தப் பக்கம் வரத் தேவையில்லையாம். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் அவரை அன்ரி என்று கூப்பிட்டேன். அன்ரிக்கு எங்கள் மொழியில் வந்தது, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ என்ற ஒரே ஒரு சொல்தான். அதை எல்லாவற்றுக்கும் பாவித்தார். தேத்தண்ணி வேண்டுமா என்றாலும் ஓம், வெயிலாக இருக்கிறது என்றாலும் ஓம்.

கடற்கரையில் மூடிக் கிடந்த ஐஸ் பக்டரியின் பின்சுவர் ஒன்று இருந்தது. காலையில் அன்ரி அங்கே போய்ச் சுவரில் பந்து அடிப்பார். அன்றுவரை நான் பார்த்த பந்தடி எல்லாம் அடிப்பதும் தேடிப்போவதும்தான். இது வேறு. பந்து போகும், வரும், அவர் நிற்கும் இடத்துக்கே வரும். அவர் ஓடுவதே இல்லை. ஒரு கிழமைக்குள் அந்தப் பாசி படிந்த சுவரில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அதற்கு வெளியே ஓர் அடையாளமும் இல்லை. கடலால் வந்த ஆட்கள் மீன் கூடையைத் தலையில் வைத்தபடியே நின்று பார்த்தார்கள். அப்பா வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் பூசைக்கு மணியடிக்கும்போது கூட எனக்கு அப்படி வந்ததில்லை. இதைச் சொன்னால் முத்துமாரி கோபிப்பாள் என்று அப்போது பயந்தேன், இப்போதும் சின்னதாகப் பயம்தான்.

அன்ரியிடம் இரண்டு மட்டைகள் இருந்தன. ஒன்றில்தான் தினமும் அடிப்பார். மற்றது நீல உறைக்குள் போட்டபடி அலுமாரியில் இருந்தது. வந்த நாளில் இருந்து அதை அவர் வெளியே எடுத்ததே இல்லை. பாவிக்காத பொருளை எடுத்தால் தெரியவராது என்பது என்னுடைய கணக்கு.

மாமா அன்ரியைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பார்க்கக் கூட்டிப் போன நாளில், அம்மா கிணற்றடியில் விரிப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது நான் அந்த மட்டையை எடுத்தேன். பின்வளவில் நின்று, அன்ரி நிற்பதுபோலக் காலை அகட்டி, ஒரு பந்தை மேலே எறிந்து வீசி அடித்தேன். பந்து வேலிக்கு மேலால் பறந்தது. மட்டையில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். நடுவில் ஒரு நூல் அறுந்து தொங்கியது. பக்கத்து நூல்களும் தொய்ந்துவிட்டன.

அம்மாவின் வேலை போச்சு என்பதுதான் முதலில் தோன்றியது. மட்டையைப் பாவாடையால் மூடிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய முகத்தில் கவலை போய் ஒரு இளக்காரம் வந்தது.

“ஆர் பிள்ளை இதைக் கட்டினது? ஒரு இடத்திலையும் முடிச்சு இல்லையே! நூலுக்கு மேலை நூலைச் சும்மா வைச்சிருக்கிறான். அறாமல் என்ன செய்யும்?”

சல்லியில் அப்பாவின் முடிச்சு வழுக்கியதாக ஒரு கதை கிடையாது. அவர் உக்கிப்போன பழைய நூலை எல்லாம் உருவி அடுப்புக்குள் போட்டார். சுறா வலைக்கு வைத்திருந்த நல்ல தங்கூசி நைலோனை எடுத்தார். ஓட்டை ஓட்டையாகக் கோத்து இழுத்து, நூலும் நூலும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சுப் போட்டார். மத்தியானம் சாப்பிடவும் எழும்பவில்லை. முடித்தபின் பார்த்தால் அத்தனை கண்களும் ஒரே அளவு. இனி இதில் சுறாவே வந்து முட்டினாலும் அறாது என்றார். நான் நிம்மதியாக மட்டையை உறைக்குள் போட்டு, அலுமாரியில் இருந்தபடியே வைத்தேன். அன்ரிக்கு நாங்கள் ஒரு உதவி செய்திருப்பதாகவே நம்பினேன்.

அதன் பிறகு நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம், புறப்படுவதற்கு முதல் நாள், அன்ரி சுவரடிக்கு வந்தார். கையில் நீல உறை. ஒரே ஒரு பந்து.

ஊர் வழக்கம்போலக் கூடியிருந்தது. அவர் உறையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றார். பிறகு மட்டையை உருவி, ஒருமுறை மூச்சு இழுத்து, அடித்தார்.

‘பொத்’ என்றது. பந்து சுவர்வரைக்கும் போகவில்லை. நனைந்த துணிபோல அவருடைய காலடிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து கிடந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரி மட்டையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். மாமா எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியது.

“இது ஆரின்ரை வேலை?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முன்னால் போய்விட்டார்.

“நான்தான் மச்சான் கட்டினனான். அறுத்ததும் நான்தான். அவளுக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

‘அவள்’ என்றது அம்மாவை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு, அன்ரிக்கு ஜேர்மனில் எதையோ கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னார். அன்ரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தில் போய் இருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண் நிறையத் தண்ணீர் இருந்தது, வாய் சிரித்தது. பிறகு ஒரு நீளமான வசனம் சொன்னார். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

“பரவாயில்லையாம்” என்றார் மாமா.

அன்ரி அப்பாவைக் கையால் கூப்பிட்டு, எப்படி முடிச்சுப் போட்டீர்கள் என்று சைகையால் கேட்டார். அப்பா கூச்சத்தோடு பக்கத்தில் இருந்து, ஒரு துண்டு நூலில் முடிந்து காட்டினார். அன்ரியின் விரல்கள் இரண்டு சரியாக மடங்கவில்லை. நூல் நழுவி நழுவிப் போனது. அப்போது அவர் அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தார், தன்னுடையதையும் விரித்துப் பக்கத்தில் வைத்தார். கறுப்புக் கை ஒன்று, வெள்ளைக் கை ஒன்று. இரண்டிலும் அதே அளவு காய்ப்பு. பெருவிரலடியில் அதே தடிப்பு. அவ்வளவு நாடு சுற்றிய கை எப்படி எங்கள் அப்பாவின் கைபோலவே இருக்கிறது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்பா என்னிடம் நூலைத் தந்து, நீ காட்டு என்றார். நான் அன்ரியின் விரலைப் பிடித்து நூலை வளைத்தேன். முகம் அவ்வளவு கிட்ட இருந்தது. அவருக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் மெதுவாகச் சொன்னேன்.

“நான்தான் அன்ரி அறுத்தனான்.”

“ஓம்” என்றார் அன்ரி.

அம்மாவின் வேலை போகவில்லை. மாமா மட்டும் கொழும்பில் கொடுத்துப் புது நூல் போட்டுத் தருவதாக இரவுச் சாப்பாடு வரைக்கும் கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்ரி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அன்று சொன்ன நீளமான வசனம் என்ன என்று நான் மாமாவைக் கேட்டது வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். அப்போதுதான் மாமா சொன்னார். “இந்த மட்டையிலை கடைசியாப் பட்ட பந்து வெளியிலை போய் விழுந்தது. இவ்வளவு வருசமும் அதுதான் கடைசிப் பந்தா இருந்தது. இனி இல்லை. அப்பிடித்தான் சொன்னவ. அதைத் தமிழிலை சொல்ல எனக்கு அப்ப வாய் வரேல்லை.” அதற்கு அடுத்து அந்த மட்டையில் பட்டது என்னுடைய பந்து என்பதை நான் மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அதுவும் வெளியேதான் போனது.

சுவரடியில் அது நடந்ததற்கு அடுத்த நாள் காலை வான் வந்தது. அன்ரி தினமும் அடிக்கும் மட்டை பைக்குள் போயிருந்தது. முடிச்சு மட்டையைக் கையிலேயே பிடித்திருந்தார். வான் புறப்பட்ட பிறகு அறை கூட்டப் போன அம்மாவோடு நானும் போனேன். கட்டிலில் அந்த நீல உறை மடித்து வைத்தபடி கிடந்தது. ஐயோ, மறந்துவிட்டாரே என்று அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தியில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே போனதால் வான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“அன்ரி! உறை! உறையை விட்டிட்டுப் போறீங்கள்!”

அவர் யன்னலால் தலையை வெளியே போட்டு, உறையையும் என்னையும் நன்றாகப் பார்த்தார். மட்டையை வெளியே நீட்டி ஆட்டினார். அப்பாவின் முடிச்சுகளுக்கு இடையால் வெயில் தெரிந்தது.

“ஓம்! ஓம்!” என்று கத்தினார்.

ஓம் என்று சொல்கிறாரே ஒழிய வானை நிற்பாட்டச் சொல்கிறார் இல்லை. மாடுகள் விலகின, வான் போய்விட்டது. வெறும் உறையோடு நடுத்தெருவில் நின்றபடி, நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.