சத்தம் போக நாலாயிரத்து எண்ணூறு

இசக்கிபாண்டி ஒரகடத்தில் கார் செய்கிறார் என்றுதான் வள்ளியூர்ப் பக்கம் அவருடைய ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு காரிலும் பின்பக்க இடது கதவைச் சுற்றி ரப்பர் பட்டை பொருத்துவது அவர் வேலை. எட்டு வருடமாக அதே கதவு. வலது கதவுக்கு வேறு ஆள். காரின் மற்ற பாகங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டால், அவையெல்லாம் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கின்றன என்று தெரியும்.

இதை ஊரில் போய் எப்படிச் சொல்வது? மாமனார் அய்யாத்துரை டீக்கடையில் உட்கார்ந்து, "எம் மருமவன் மட்டும் ஒரு நாள் லீவு போட்டாம்னா கம்பெனியில ஒரு காரு வெளிய வராது" என்று அளந்து வைத்திருக்கிறார். பாண்டியும் அதை மறுத்ததில்லை.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தன்னை எவனும் ஏமாற்ற முடியாது என்பது அது. ஒரகடத்துக்கு வந்த புதிதில் ஏர் கூலர் என்று சொல்லி ஒருவன் விற்றதை வாங்கி ரூமுக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஒரு டேபிள் ஃபேன். கூட இருந்தவர்கள் அந்தக் கோடை முழுக்கச் சிரித்தார்கள். அன்றைக்கு ரோஷம் வந்தது. கம்பெனியில் எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, அதைத் தன் வாழ்க்கைக்கே சட்டமாக்கிக்கொண்டார். முடிவெட்ட மூன்று சலூனில் ரேட் விசாரிப்பார். கடைவாய்ப் பல் ஆடியபோது மூன்று டாக்டரைப் பார்க்கக் கிளம்பி, மூன்றாமவர் வீட்டுப் படியேறும்போது பல் தானாகவே கையோடு வந்துவிட்டது. பெண் பார்க்கப் போனபோது மட்டும்தான் அவர் இரண்டாவது கொட்டேஷன் கேட்கவில்லை. இசக்கிசெல்வியைப் பார்த்ததும் சட்டம் மறந்துபோயிற்று.

அந்தச் செல்வி பிரசவத்துக்கு ஊருக்குப் போய், பெண் குழந்தை பெற்று, இந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ரயிலிறங்கப் போகிறாள். "எம் மவ நம்ம வீட்டுக்கு நம்ம சொந்தக் காருலதான் வருவா" என்று பாண்டி போனில் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே மூன்று கை மாறிய ஒரு சின்னக் காரை வாங்கினார். வாங்கிய மறுநாளே பின்பக்க இடது கதவின் ரப்பரைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புது ரப்பரைத் தன் கையால் ஒட்டினார். பிள்ளை உட்காரும் இடத்தில் ஒரு துளி காற்று வரக்கூடாதாம்.

செல்விக்கு நம்பிக்கை இல்லை. "கதவு நல்லாருக்கும், தெரியும். காரு ஓடுமா? இல்லன்னா சொல்லிருங்க. கைப்பிள்ளையோட நடுரோட்டுல நின்னு காரு தள்ள என்னால ஆகாது. நான் பஸ்ஸுல வந்துக்கிடுதேன்" என்றாள்.

சொல்லி வைத்தாற்போல, வியாழக்கிழமை மணிமங்கலத்தைத் தாண்டும்போது காருக்கு அடியிலிருந்து கடகடவென்று ஓர் இரைச்சல் கிளம்பியது. பாண்டி வேர்த்து விறுவிறுத்து ஓரம் கட்டினார். ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் கோதண்டத்துக்குப் போன் போட்டார். கோதண்டம் லோடு வண்டியில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மெதுவா ஓட்டிக்கினே வந்துரலாம் சார்" என்றார். பாண்டி மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பாண்டி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி, பிள்ளையாரைக் கரைக்கப் போகிற முகத்தோடு பின்னால் தன் காரில் உட்கார்ந்து போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கோதண்டத்தின் போன் வந்தது.

"சார், முன்னாடி ரெண்டு வீல் பேரிங்கும் பூட்ச்சு. சத்தம் போவ நாலாயிரத்து எண்ணூறு ஆவும்."

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பாண்டி பிறந்த சீமையில் வண்டி வாடகைக்குச் சத்தம் என்று பெயர். ஆட்டோ சத்தம், லோடு வண்டிச் சத்தம் என்றுதான் சொல்வார்கள். இரைச்சல் ஒழிய நாலாயிரத்து எண்ணூறு என்று கோதண்டம் சொன்னதை, வண்டியை இழுத்து வந்த வாடகை நீங்கலாக நாலாயிரத்து எண்ணூறு என்று நம் ஆள் எடுத்துக்கொண்டார்.

"சரி அண்ணாச்சி, சத்தம் எவ்வளவு?"

"சத்தமா? அத்த ஏன் சார் கேக்கறே! ஓவரா கீது. கேக்கவே பயமா கீது."

பாண்டி போனை மறு காதுக்கு மாற்றினார். "எவ்வளவுன்னு ஒரு மாதிரியாச் சொல்லுங்களேன்."

"போன்ல சொன்னா புரியாது சார். நேர்ல வந்து நீயே கேட்டுக்க."

அன்று கேண்டீனில் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து என்றால் பாண்டியின் கூட்டாளிகள் இரண்டே பேர். சீட் பொருத்தும் சிவசங்கர் நெல்லைக்காரர். முன்கண்ணாடி ஒட்டும் ஜோயல் நாகர்கோவில்காரர். மூவரும் சேர்ந்தால் ஒரு கதவும் சீட்டும் கண்ணாடியும் தேறும்.

"சீட்டு ஆடுதாடே?" என்றார் சிவசங்கர்.

"சீட்டுக்கு ஒண்ணுமில்ல."

"கண்ணாடில கீறல் உண்டா மக்ளே?" என்றார் ஜோயல்.

"இல்ல."

"பொறவு வண்டிக்கு என்னதான் கேடு?" என்று இருவரும் குழம்பினார்கள்.

பாண்டி விடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குப் போன் போட்டார். ஐயாயிரத்து முந்நூறு என்றார்கள். மறைமலை நகரில் ஒரு கடை. ஐயாயிரத்து நூறு. ஆக, கோதண்டம் சொன்னது நியாயமான விலைதான். உள்குத்து சத்தத்தில்தான் இருக்கிறது என்று மூவரும் ஒரே மனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். "பேரிங்குல நல்லவன் மாதிரி காட்டிட்டு, சத்தத்துல தோலை உரிச்சிருவான்" என்றார் சிவசங்கர். பாண்டிக்குப் பழைய ஃபேன் தொட்டி ஞாபகம் வந்து ரத்தம் கொதித்தது.

சனிக்கிழமை காலையில் ஜோயலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கோதண்டம் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்றார்.

"அண்ணாச்சி, நாலாயிரத்து எண்ணூறு நியாயம்தான். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. சத்தம்தான் இடிக்கு."

"ஆமா சார், பேரிங் தேஞ்சி இடிக்கத்தான் செய்யுது."

"அதைக் கொஞ்சம் குறைக்கப் பாருங்களேன்."

"கொறைக்கிறது இன்னா சார் கொறைக்கிறது? சுத்தமா எட்த்துடறேன்!"

பாண்டி வாயைப் பிளந்தார். "முழுசாவா?"

"முழுசா. அப்பாலே ஒரு பொட்டு சத்தம்னு பேச்சு வந்தா, நீ துட்டே தர வேணாம்."

ஜோயல் பாண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மக்ளே, இது சரியில்ல கேட்டியா. அவ்வளவு தூரம் எவனாவது சும்மா வண்டி இழுப்பானா? மட்டமான பேரிங்கைப் போட்டு அதுல எடுக்கப் பாக்கான்."

பாண்டிக்குச் சுருக்கென்றது. நாளைக்குப் பிள்ளை ஏறுகிற வண்டி! மட்டமான பேரிங்கா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, முழுசா எடுக்க வேண்டாம். கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்."

கோதண்டம் பேரிங்கைக் கீழே வைத்தார். "இருக்கணுமா?"

"இருக்கணும். ஆனா நியாயமான சத்தமா இருக்கணும்."

"சார், பசங்க பைக்குக்குக் கேப்பாங்க. தெருவே திரும்பிப் பாக்கணும்பாங்க. கொழந்த வர்ற வண்டிக்குப் போய்..."

"கொழந்த வாற வண்டிங்கதாலதான் கேக்குதேன். ஓசியில இழுத்துட்டு வந்த வண்டியில எம் மவ ஏற மாட்டா."

கோதண்டம் ஜோயலைப் பார்த்தார். ஜோயல் ஆமாம் என்று தலையாட்டினார். வாடிக்கையாளர் இஷ்டம் என்று கோதண்டமும் மனதைத் தேற்றிக்கொண்டு, "எவ்ளோ சத்தம் சார் வேணும்?" என்றார்.

"ஐந்நூறு."

"ஐந்நூறு இன்னா?"

கட்டுப்படியாகவில்லை என்று முறுக்குகிறார் போலும் என்று நினைத்தார் பாண்டி. "சரி, அறுநூறு."

கோதண்டம் காரையும் பாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுநூறு! அதுக்கு மேல ஒத்தப் பைசா கிடையாது!"

பின்கட்டிலிருந்து கோதண்டத்தின் மனைவி மீனம்மாள் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர்கள் மாடியில் தெற்கத்திப் பெண்கள், கம்பெனிக்குப் போகிறவர்கள், குடியிருக்கிறார்கள்.

"அய்யே, யோவ்! அவுங்க ஊர்ல வண்டி வாடகையத்தான் சத்தம்னுவாங்க. மாடில கீதே சுகப்பிரியா, அது வந்த அன்னிக்கே 'ஆட்டோ சத்தம் நூத்தம்பது'ன்னுச்சு. நான் சைலன்சர் பூட்ச்சு போலன்னு நெனச்சிக்கினேன்."

கோதண்டம் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் முட்டியது. "இஸ்துக்கினு வந்ததுக்கா? நான் வாடகையே கேக்கலயே சார்! சத்தம் போவறதுக்குத்தான் நாலாயிரத்து எண்ணூறு. போவறதுக்கு!"

பாண்டியின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கேட்காத வாடகைக்குத் தானே விலை சொல்லி, தானே பேரம் பேசி, தானே எழுநூறுக்கு ஏற்றி வைத்திருக்கிறார். இறங்கிவரலாம் என்றால், ஓசி வண்டியில் மகள் ஏற மாட்டாள் என்று சவடால் வேறு விட்டாயிற்று. ஜோயல் மேற்கூரையை ஆராய ஆரம்பித்தார். கோதண்டம் எழுநூறையும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டு, வண்டியைக் கழுவி மட்டும் கொடுத்தார். பேரிங் நல்ல பேரிங்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் செல்வி பின்சீட்டில் இடதுபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. கதவைச் சாத்தியதும் வெளி உலகமே அடங்கிப்போயிற்று. கார் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. படப்பை தாண்டியது. செல்வி ஜன்னலைப் பார்த்தபடியே, "நல்லாத்தான் ஓடுது" என்றாள். பாண்டிக்கு இந்த எட்டு வருடத்தில் யாரும் இப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை. சந்தோஷத்தில் கண் மங்கி, துடைத்துக்கொண்டுதான் ஓட்டினார்.

"ஆமா, கயிறு கட்டி இழுத்தாவளாமே. சத்தம் எவ்வளவு குடுத்திய?"

பாண்டி ரோட்டையே பார்த்தார். "சத்தமே இல்ல, செல்வி."

அதைக் கேட்டதும் மகளுக்கு என்ன தோன்றியதோ, கண் விழித்து, காலை உதைத்து, வீல் என்று ஆரம்பித்தாள். அந்தக் காருக்குள் அதற்கு முன் எந்தப் பேரிங்கும் அப்படிக் கத்தியதில்லை. ஒட்டிய ரப்பர் கெட்டி. ஒரு துளி வெளியே போகவில்லை. பால், கிலுகிலுப்பை, தட்டிக்கொடுத்தது, எதுவும் பலிக்கவில்லை. ஒரகடம் பாலம் வந்தும் ஓயவில்லை. செல்வி நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடியில் இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"பிள்ள தொண்ட கிழியக் கத்துதா, எதுக்குச் சிரிக்கிய?"

"இருக்கட்டும் செல்வி" என்றார் இசக்கிபாண்டி. "நியாயமான சத்தம்தான்."