கால் இல்லாமல் தாண்டியது

அந்த வி.ஆர். பெட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் நமக்குக் கால் இருக்காது. மணிக்கட்டோடு நின்றுபோன இரண்டு கைகள் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். முதல் நாளே எனக்கு அது பிடிக்கவில்லை. காலே இல்லாதவளைப் பார்த்து நட நட என்றால் எப்படி நடப்பாள்?

உழவர்கரையில் ஒரு மாடியில் நடந்த வகுப்பு அது. பிரான்சில் தனியாக இருக்கும் வயதானவர்களை வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பெண்களைத் தயார் செய்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, அதனால் நானும் போகலாம். தேறிவிட்டால் நாங்கள் அங்கே போய்விடலாம், மாமியாரைத் தவளக்குப்பத்தில் நாத்தனார் வீட்டில் விட்டுவிடலாம் என்று பேச்சு. நாத்தனார் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மாமியாரை யாரும் கேட்கவேயில்லை.

அவருக்கு வாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. கட்டிலில் படுத்தால் உருண்டுவிடுவோம் என்று பயம், அதனால் சமையலறை வாசலுக்குக் குறுக்கே பாய்தான். வாய் மட்டும் பழையபடி தெருமுனை வரைக்கும் கேட்கும். உள்ளே போகும்போதெல்லாம் நான், “அத்தை, காலு” என்பேன். “என் காலு உன்னை என்னாடி பண்ணுது?” என்பார். குனிந்து அந்தக் காலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் போவேன். எரிச்சல்பட்டிருக்கிறேன், முணுமுணுத்திருக்கிறேன். ஒரு நாளும் தாண்டியதில்லை.

வகுப்பெடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நம்ம ஊர்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரான்ஸ். நாங்கள் அவளை மிஸ் என்போம், அவள் எங்களை மதாம் என்பாள். அதற்கு முன் என்னை யாரும் மதாம் என்று கூப்பிட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன்.

பெட்டிக்குள் ஒரு வீடு நிஜம்போலத் தெரியும். அதில் நடப்பதற்கு இரண்டு வழி சொல்லிக்கொடுத்தாள். கையில் பிடித்திருக்கும் கருவியில் ஒரு குமிழ் இருக்கும், அதைக் கட்டைவிரலால் தள்ளினால் மெதுவாக நகரலாம். கண் நடக்கும், உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் குழப்பத்தில் சிலருக்கு வயிறு புரட்டும் என்றாள். எனக்குப் புரட்டியதோடு நிற்கவில்லை, காலையில் தின்ற இட்லி அத்தனையும் குப்பைக்கூடைக்கு வந்துவிட்டது. மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது வழி குதிப்பது. தரையில் போக வேண்டிய இடத்தைக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் அங்கே நீல வட்டம் விழும். கையை எடுத்தால் அடுத்த நொடி அங்கே நிற்போம். நடுவில் நடையே கிடையாது, அதனால் தலைசுற்றலும் இல்லை. ரோஷக்காரி நான். வீட்டில் துடைப்பத்தை நீட்டி நீட்டிக்கூடப் பழகினேன். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்குள் மூலைக்கு மூலை பறந்தேன், சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

தேர்வன்று பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சுக் கிழவி சமையலறைக்குப் போகும் நடையில் குறுக்காக விழுந்து கிடந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் தொலைபேசி. சீக்கிரமாகப் போய் உதவிக்கு அழைக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பவள் காண்பதெல்லாம் சுவரிலிருக்கும் டிவியில் மற்றவர்களுக்கும் தெரியும். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் கூடத்தைச் சுற்றி, பின்கட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். சரியான மந்தங்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்ததும் கையை நீட்டினேன். வட்டம் கிழவிக்கு அப்பால் விழுந்தது. குதித்துவிட்டேன்.

பின்னால் ஒரே கூச்சல்.

“அய்யய்யோ, என்னாக்கா, தாண்டிட்டியே!”

அப்போதுதான் உறைத்தது. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பித் தாண்டிவிட வேண்டும். படத்தில் கிடக்கும் கிழவிதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரும்பி வட்டத்தைப் போட்டு இந்தப் பக்கம் வந்தேன். அதோடு விட்டேனா? கிழவியின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். கருவி பெட்டியில் டொக்கென்று இடித்தது.

“ஏன் திரும்பி வந்தீங்க, மதாம்?” என்றாள் மிஸ்.

“படுத்திருக்கவங்களத் தாண்டக் கூடாது மிஸ்.”

“இல்ல இல்ல, நீங்க தாண்டுனதுதான் கரெக்ட். எல்லாரையும்விட சீக்கிரம். த்ரே பியேன்!”

பிரெஞ்சில் பாராட்டிக் கைதட்டினாள். அவளைத் தவிர யாரும் தட்டவில்லை. பெட்டியைக் கழற்ற எனக்குத் துணிவு வரவில்லை. உள்ளே முகம் பற்றி எரிந்தது. கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் தன்னால் தோன்றியது எனக்கு மட்டும் ஏன் தோன்றாமல் போனது? ஜெயிக்கிற அவசரத்தில் அங்கே ஒரு மனுஷி கிடப்பதையே நான் பார்க்கவில்லை.

நான் தேறிவிட்டேன் என்ற செய்தியை மிஸ் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடவே, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று என் வீடியோவையும் போட்டாள். சேரும்போது வீட்டுக்காரரின் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் அவர் தன் அம்மாவிடம் போட்டுக் காட்டிவிட்டார். பெண்டாட்டி ஜெயித்த பெருமை அவருக்கு. அதில் முதல் தடவை தாண்டியது மட்டும்தான் இருந்தது. திரும்பித் தாண்டியதைத் தப்பு என்று மிஸ் வெட்டிவிட்டிருந்தாள்.

“ஒரே தாவுல போய்ட்டியே!” என்றார் வீட்டுக்காரர், வாசலிலேயே.

நான் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அத்தை, அது நெசம் இல்ல, பொம்மை. நான் திரும்பியும் தாண்டிட்டேன். இதுல அது வரல.”

“சரிம்மா” என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை ‘டி’ போடாமல் பேசியதில்லை. அந்த ‘ம்மா’வைக் கேட்டதும் எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. என்ன சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. காப்பியாவது போடலாம் என்று எழுந்தேன்.

“அத்தை, காலு” என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். விழுந்துபோன காலை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, ஓரமாக மடக்கி வைத்துக்கொண்டார்.

“போம்மா” என்றார். “வழி வுட்டுட்டேன்.”